கண் இரண்டை மட்டும் விட்டுவிட்டு

1

அந்த வாக்கியத்தை நான் சொல்லி இந்த வாரத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. கல்யாண நாளை மறந்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொள்கிற எனக்கு இந்த நாள் மட்டும் பிசகாமல் நினைவிருக்கிறது. மறக்க நினைத்தாலும் என் மனைவி மலர்க்கொடி விடுவதில்லை.

இங்கிலாந்தில் கோவென்ட்ரி என்கிற ஊரில், கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதகனாக இருக்கிறேன். வருகிற பாகத்தை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்து, கீறலோ பிசிறோ இருந்தால் சிவப்புத் தொட்டியில் போட வேண்டும். குறை கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். நன்றாக இருக்கிற பாகத்தைப் பார்த்து நான் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஒரே மகன் கதிர். வயது பதினைந்து. நான்கு வயதில் இங்கே வந்தவன். போன வருஷம், வகுப்புக்குப் போகாமல் பெரிய பையன்களோடு சூப்பர் மார்க்கெட் வாசலில் சுற்றுகிறான் என்று பள்ளியிலிருந்து போனுக்குச் செய்தி வந்துகொண்டே இருந்தது. நானும் வழக்கம்போல நீளமாகப் பேசினேன். அவனும் வழக்கம்போலக் காதில் எதையோ மாட்டிக்கொண்டான். ஒரு நாள் பள்ளிக் கழிப்பறைக் கதவை உதைத்து உடைத்துவிட்டான், கூட இருந்தவர்கள் ஓடிவிட்டார்கள் என்று எங்களைக் கூப்பிட்டார்கள்.

வகுப்புப் பொறுப்பாளர் மிஸ் ஹார்ட்லி தன்மையான மனுஷி. கொஞ்ச நாள் பள்ளிக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இன்னொரு முறை இப்படி நடந்தால் இவனை இந்தப் பள்ளியிலிருந்து எடுத்துவிடுவோம், தகராறு செய்கிற பிள்ளைகளுக்கென்று தனியாக நடத்துகிற இடத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்றார். அந்த இடத்துக்குப் போன பையன்கள் பிறகு என்ன ஆனார்கள் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும்.

"கதவை உடைத்தது நீதானா?" என்று அவர் கேட்க, கதிர் நிமிர்ந்து பார்த்து "ஆமாம், நான்தான் உதைத்தேன்" என்றான். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. ‘நான் இல்லை மேடம், அது ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தது’ என்று ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லையே! அவன் வயதில் நான் ஒவ்வொரு புதுப் படத்துக்கும் என் அம்மாவைப் பெற்ற அம்மாயியைச் சாகடித்து லீவு வாங்கியவன். அந்த அம்மாயி பிற்பாடு என் கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தது.

சரி, தகப்பன் என்று ஒருவன் வந்திருக்கிறேனே, நாலு வார்த்தை மரியாதையாகச் சொல்ல வேண்டாமா? எழுந்து நின்றேன். கையைக் கட்டிக்கொண்டேன். எங்கள் ஊரில் எந்தத் தகப்பனும் வாத்தியாரிடம் சொல்வதைத்தான் இங்கிலீஷில் சொன்னேன்.

"மேடம், இவனுடைய இரண்டு கண்களை மட்டும் விட்டுவிடுங்கள். மீதித் தோல் முழுவதையும் உரித்துவிடுங்கள். என் தரப்பில் ஆட்சேபணை எதுவும் இல்லை."

மிஸ் ஹார்ட்லி எழுதுவதை நிறுத்தினார். அவர் பக்கத்தில் இருந்த இன்னொரு ஆசிரியர் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார். கதிர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். என் பேச்சு அவர்களை உருக்கிவிட்டது என்றுதான் நான் நினைத்தேன்.

2

இதைப் படிக்கிற உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் என் மனசு ஆறுவதற்காகச் சொல்கிறேன்.

பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூருக்குப் பக்கத்தில் சின்ன வெங்காயம் போடுகிற குடும்பம் எங்களுடையது. ஆறாம் வகுப்பில் சேர்க்கிற அன்று அப்பா மண்வெட்டியை வரப்பில் போட்டுவிட்டுக் கால் கழுவக்கூட நேரமில்லாமல் பள்ளிக்கு வந்தார். ஹெட்மாஸ்டர் முன்னால் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "கண்ணு ரெண்ட மட்டும் விட்டுட்டு மிச்சத்த உரிச்சுப்புடுங்க சார்" என்றார். ஹெட்மாஸ்டர் சிரித்துக்கொண்டே, "சரி, நீங்க போயிட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்" என்றார். யாரும் யார் தோலையும் உரிக்கவில்லை. என் பிள்ளையை உங்களை நம்பி விடுகிறேன் என்பதை வெட்கப்படாமல் சொல்ல எங்கள் அப்பாக்களுக்கு வேறு வாக்கியம் தெரியாது.

அப்படி விட்டுவிட்டு அவர் வயலுக்குப் போய்விட்டார். போனவர் நான் பத்தாவது முடிக்கும் வரை பள்ளிப் பக்கமே வரவில்லை. வரத் தேவையும் இருக்கவில்லை. பெரம்பலூருக்குப் படம் பார்க்கப் போனால், நான் வீடு திரும்புவதற்குள் கண்டக்டர் சொல்லி, டீக்கடைக்காரர் சொல்லி, என்ன படம் என்பது வரை அப்பாவுக்குத் தெரிந்துவிடும். ஊர் முழுக்கக் கண். அந்தக் கண்களை இங்கிருந்து நினைத்து நான் உருகப்போவதில்லை. பொம்பளைப் பிள்ளைகள் நாலு பேர் சிரித்துப் பேசினால் அதையும் அதே கண்கள்தான் போய்ச் சொல்லும். சனியன் பிடித்த கண்கள்.

3

அந்த வாக்கியம் பள்ளியிலிருந்து எங்கெங்கோ போய், அடுத்த வாரம் எங்கள் வீட்டு வாசலில் டெனிஸ் என்கிற அம்மாளாக வந்து நின்றது. பிள்ளைகளுக்கு வீட்டில் ஆபத்து இருக்கிறதா என்று பார்க்கிற சமூகநல அலுவலர். கழுத்தில் அடையாள அட்டை, கையில் பை.

வருகிற நேரம் பாருங்கள். மலர்க்கொடி அடுப்படித் தரையில் அரிவாள்மணையைப் போட்டு உட்கார்ந்து சின்ன வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கண்ணீர். எதிரே நிமிர்ந்து நிற்கிற இரும்புக் கத்தி. டெனிஸ் ஒரு கணம் என்னையும், அழுகிற என் பெண்டாட்டியையும், கத்தியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது எதற்கு?"

"உரிப்பதற்கு," என்று சொல்லத் தொடங்கி, என் வாழ்க்கையிலேயே முதல்முறையாகச் சொல்ல வந்ததைப் பாதியில் விழுங்கினேன். "வெங்காயம். சாம்பார்." செய்து காட்டுகிறேன் என்று நானே உட்கார்ந்து விரலை அறுத்துக்கொண்டது தனிக்கதை.

டெனிஸ் கதிரை முன்னறையில் தனியாக உட்காரவைத்துப் பேசினார். அடுப்படியில் மலர்க்கொடி பல்லைக் கடித்துக்கொண்டு என்னைப் பேசினாள். அவள் கீழப்பழுவூர்க்காரி. எங்கள் மாவட்டமும் பக்கத்திலிருக்கிற அவள் மாவட்டமும் ஒன்றாக இருந்து, பிரிந்து, சேர்ந்து, மறுபடி பிரிந்தவை. எங்கள் வீட்டிலும் வாரத்துக்கு ஒருமுறை அது நடக்கும்.

"பெரம்பலூர்க்காரங்களுக்கு வாயில சனின்னு எங்கய்யா அப்பவே சொன்னாரு. ஒத்தப் புள்ளைங்க! அவங்க கூட்டிட்டுப் போயிட்டாங்கன்னா நான் என்னாங்க பண்ணுவேன்?"

கடைசிச் சொல்லில் அவள் குரல் உடைந்துவிட்டது. அப்போது வந்த கண்ணீருக்கு வெங்காயம் காரணமில்லை.

டெனிஸ் வெளியே வந்து, ஆபத்து எதுவும் இல்லை, பயப்படாதீர்கள் என்றார். கதிர் அவரிடம் சொன்னது இதுதானாம்: "அப்பா அடிக்கமாட்டார். பேசுவார். அடித்தால்கூடத் தேவலை." இதையும் எழுதிக்கொண்டு, பிள்ளை முழுதாகக் கைவிட்டுப் போவதற்கு முன்பே பெற்றோர் என்ன செய்யலாம் என்று புதன்கிழமைகளில் ஒரு வகுப்பு நடத்துகிறேன், நீங்கள் வருவது நல்லது என்றார். பையன் செய்த தப்புக்கு அப்பன் பள்ளிக்கூடம் போனான்.

4

நூலகத்தின் பின்னறையில் வகுப்பு. பிள்ளைகள் உட்காருகிற குட்டி நாற்காலிகள். என் பக்கத்தில் இயான் என்று ஒரு லாரி ஓட்டுநர். அவருடைய மூத்த மகன் அந்தத் தனி இடத்துக்குப் போய், பிறகு வீட்டை விட்டும் போய்விட்டான். இளையவனையாவது காப்பாற்றலாம் என்று வந்திருந்தார். "பெரியவன் நான் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை" என்று அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அன்று முழுக்க எனக்கு அது காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

டெனிஸ் சொன்னதைச் சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான். தப்பு செய்யும்போது பிடிப்பதற்கு இந்த வயதுப் பிள்ளைகளைச் சுற்றி நிறையப் பேர் இருக்கிறார்கள். சரியாகச் செய்யும்போது பிடிப்பதற்கு வீட்டில் ஒருவராவது வேண்டும். அதனால் தினமும் பிள்ளையிடம் நல்லதாக ஒன்றைப் பார்த்து அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். கொஞ்ச நேரம் அவனோடு புத்திமதி சொல்லாமல் உட்காருங்கள்.

கேட்க லேசாக இருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் செருப்பை ஒழுங்காகக் கழற்றி ஓரமாக வைத்திருந்தான். விடுவேனா?

"கதிர், இன்னைக்குச் செருப்ப அழகா விட்டிருக்கடா. தெனமும் இப்படி விட்டா என்ன?"

அடுத்த புதன்கிழமை டெனிஸ், முதல் வாக்கியம் அருமை, அந்த வாலை மட்டும் வெட்டிவிடுங்கள் என்றார். வால் இல்லாமல் பேசினால் எனக்கு வாக்கியம் முடிந்த மாதிரியே தோன்றாது. புத்திமதி சொல்லாமல் உட்கார்ந்த அன்று அவன் போனைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். கடைசியில் "அப்பா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டான்.

இதற்கு நடுவில் மலர்க்கொடி. பெற்றவர்களே பிள்ளையை மெச்சினால் கண்பட்டுவிடும் என்பது அவள் கட்சி. "கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதும்பாங்க. அந்தம்மாவுக்கு என்ன தெரியும்?" என்று நான் செருப்பை மெச்சிய அன்றே உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றி அடுப்பில் போட்டாள். புகை பட்டாலே அடிக்கிற வீட்டு எச்சரிக்கை மணி அலறியது. பக்கத்து வீட்டுக்காரர் இரவு உடையோடு வாசலுக்கு ஓடிவந்து இருமினார். கதிர் மாடிக்கு ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டான். அதன்பிறகு அவள் மிளகாயை விட்டுவிட்டு வெறும் உப்பை எடுத்துச் சுற்றித் தண்ணீரில் போட ஆரம்பித்தாள். மெச்சலுக்குத் தக்கபடி அளவு. "செருப்புக்கு ஒரு சிட்டிகை போதும்" என்பாள். கிழக்கே பார்த்து நில்லுடா என்று அவள் கெஞ்சினாலும் அவன் நிற்கமாட்டான்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் என் அம்மாயி செத்த கதை மாதிரி ஆகிவிடும். அந்தப் பெரிய பையன்களோடு சுற்றுவது குறைந்தது. ஆனால் பங்குனி வாக்கில் மறுபடி இரண்டு வகுப்புக்குப் போகவில்லை. கோடை விடுமுறை முடிந்ததும் உட்கார்ந்து முடிவு செய்வோம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள்.

5

அந்த விடுமுறையில் ஊருக்குப் போனோம். வெள்ளிக்கிழமை, வாரத்தில் இரண்டு நாள் மட்டும் திறக்கிற சிறுவாச்சூர்க் கோயில் திறந்திருக்கிற நாள். அண்ணன் செல்வராசு காரில் எங்களை ஏற்றிக்கொண்டு போனார். கும்பிட்டு வெளியே வந்தால் கூட்டத்தில் தூரத்து மாமா ஒருவர் பிடித்துக்கொண்டார்.

"என்ன மாப்ள, பையனா? நல்லாப் படிக்கிறானா?"

"எங்க மாமா படிக்கிறான்? தண்டச்சோறு. இவன்லாம் எங்க உருப்படப் போறான்?" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை. வணக்கத்துக்கு வணக்கம் சொல்கிற மாதிரி தானாக வந்தது. அவரும் முறைப்படி, "அட ஏன் மாப்ள, மொகத்தப் பாத்தாலே தெரியுதே, ராசா கணக்கா இருக்கான்! பெரிய ஆளா வருவான் பாருங்க" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். திரும்பிப் பார்த்தால் கதிர் இல்லை.

அவனுக்குத் தமிழ் எழுதப் படிக்கத்தான் வராது. கேட்டால் எல்லாம் புரியும். என் பாதியைக் கேட்டுவிட்டு, மாமாவின் பாதி வருவதற்குள் போய்விட்டான்.

கொஞ்ச நேரம் கடைகளில் தேடினோம். பிறகு பயம் வந்தது. பக்கத்திலேயே நெடுஞ்சாலை. பஸ்ஸும் லாரியும் பறக்கிற பறப்பில், சாலையைக் கடக்கத் தெரியாத பிள்ளை. எனக்கு இயானின் மூத்த மகன் நினைவுக்கு வந்தான். மலர்க்கொடி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. கடைசியில் இளநீர்க்காரர் ஒருவர், "நீலச் சட்ட போட்ட ஒசரமான தம்பியா? பெரம்பலூர்ப் பக்கமா நடந்து போவுதுங்க" என்றார். நான் சனியன் பிடித்தவை என்று எழுதினேனே, அதே கண்கள்தான்.

கொஞ்ச தூரத்தில் ஒரு புளியமர நிழலில் வேர்த்துப்போய் நின்றிருந்தான். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் காரை நிறுத்தி இறங்கிவிட்டார்.

"எங்கடா தம்பி கெளம்புன?"

"கோவம் பெரியப்பா. பெரம்பலூர் போயி, பஸ் ஏறி, சென்னை போயி, ஃப்ளைட் ஏறலாம்னு நெனச்சேன். அப்புறம் பாஸ்போர்ட் அம்மா பேக்ல இருக்குன்னு ஞாபகம் வந்துச்சு."

அண்ணன் அடக்க முடியாமல் சிரித்தார். "உங்கப்பனா இருந்தா ஒண்ணுக்குப் போனேன்னு சொல்லியிருப்பான். நம்ம வம்சத்துலயே பொய் சொல்லாத மொதப் புள்ள நீதான்டா!"

கதிருக்கு முகம் சிவந்துவிட்டது. கோபத்தில் இல்லை. காலால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றான். இத்தனை புதன்கிழமைகளில் நான் ஒருமுறைகூட அந்த முகத்தை வரவழைத்ததில்லை. சொந்த அண்ணன்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.

"அப்பா மட்டும் எல்லார்கிட்டயும் நான் வேஸ்ட்டுன்னுதான் சொல்றாரு," என்றான்.

"அட, அது சும்மா சொல்றதுடா. பெத்தவன் தாழ்த்தித்தான் சொல்லணும். ஊரு ஒசத்திச் சொல்லும். அதான் நம்ம பக்கத்து வழக்கம். உங்கப்பன எங்கய்யா திட்டாத நாளு கெடையாது. ஊரெல்லாம் அவனத்தான் மெச்சும்."

கதிர் மண்ணைக் கிளறுவதை நிறுத்தினான்.

"கோவென்ட்ரில ஊர் எங்க பெரியப்பா இருக்கு?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சாலையில் போன ஒரு சிமென்ட் லாரியைப் பார்த்தேன். இங்கிலாந்துக்கு வரும்போது பெட்டியில் அரிவாள்மணை வைத்தோம், வெங்காய வடகம் வைத்தோம். திட்டுவதையும் மறக்காமல் கொண்டுவந்தேன். மெச்சுகிற ஊரை எப்படிக் கொண்டுவருவது என்று நான் நினைத்தே பார்க்கவில்லை. பதினொரு வருஷமாக என் பிள்ளை பாதியை மட்டும் கேட்டு வளர்ந்திருக்கிறான். காரில் திரும்பும்போது எனக்கு அழுகை வந்தது. தூசி என்று சொன்னேன். கதிர் நம்பவில்லை.

6

போன செவ்வாய்க்கிழமை பள்ளியில் கூட்டம். இதே பள்ளியா, அந்தத் தனி இடமா என்று முடிவு சொல்கிற கூட்டம். மிஸ் ஹார்ட்லி, டெனிஸ், இன்னும் இரண்டு பேர். மலர்க்கொடிக்கு வேலையில் விடுப்புக் கிடைக்கவில்லை. மணிக்கொரு முறை போனில் ‘வாய், வாய்’ என்று மட்டும் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாள். வாசலில் கதிர் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினான்.

"அப்பா. கண்ணு, தோலு, எதுவும் வேணாம். ப்ளீஸ்."

உள்ளே எல்லாரும் அவரவர் வைத்திருந்ததை வாசித்தார்கள். தவறவிட்ட வகுப்புகள், உடைந்த கதவு, எதிர்த்துப் பேசியது. எல்லாம் உண்மை. என் தொழிற்சாலையாக இருந்தால் நானே சிவப்புத் தொட்டியில் போட்டிருப்பேன். கடைசியில் மிஸ் ஹார்ட்லி என் பக்கம் திரும்பி, நீங்கள் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்றார். டெனிஸ் கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்தேன்.

எழுந்து நின்றேன். கையைக் கட்டவில்லை.

"என் மகன் பொய் சொல்லமாட்டான்," என்றேன். "கதவை உடைத்தாயா என்று நீங்கள் கேட்டதும் ஆமாம் என்றான். மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். நான் இவன் வயதில் ஓடியவன், பொய் சொன்னவன். அன்றைக்கு இவன் உண்மை சொன்னதற்காக நான் இவன்மேல் கோபப்பட்டேன். இவன் என்னைவிட நல்லவன்."

அடுத்து ‘ஆனால்’ என்று ஒரு சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. படிப்பில் கவனம் இல்லை, தலைமுடியைப் பாருங்கள், போனைப் பாருங்கள் என்று வால் வரிசையாக நின்றது. உட்கார்ந்துவிட்டேன்.

"அவ்வளவுதானா?" என்றார் மிஸ் ஹார்ட்லி.

"அவ்வளவுதான்."

கதிரை இந்தப் பள்ளியிலேயே வைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். வாராவாரம் பார்ப்போம் என்று நிபந்தனை உண்டு. திரும்பும்போது கதிர் பஸ்ஸில் வழக்கம்போல மேல்தளத்துக்குப் போகாமல் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

சாயங்காலம் மலர்க்கொடி வந்ததும் நடந்ததைச் சொன்னேன். அவள் கண்ணீரோடு சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, அடுத்த நொடியே இடுப்பில் கைவைத்தாள்.

"அத்தன பேரு முன்னாடியா சொன்னீங்க? உங்க வாயால? உங்களுக்குக் கொஞ்சமாவது இருக்கா? புள்ளைக்குக் கண்ணுபட்டா என்னாத்துக்கு ஆவுறது?"

உப்பு டப்பாவை எடுத்துக்கொண்டு மாடியைப் பார்த்துக் கத்தப் போனாள். வேண்டியிருக்கவில்லை. கதிர் அடுப்படி வாசலிலேயே நின்றிருந்தான்.

"அப்பா, அங்க சொன்னது," என்று நிறுத்தினான். "அவங்களுக்காகச் சும்மா சொன்னதா?"

"இல்லடா."

பொய் சொல்கிறவனை அவனுக்குத் தெரியும். என் முகத்தையே பார்த்தான். தொழிற்சாலையில் விளக்கடியில் நான் பார்க்கிற அதே பார்வை. பிறகு போனில் திசைகாட்டியைத் திறந்து, கிழக்கு எது என்று பார்த்து, அந்தப் பக்கம் திரும்பி நேராக நின்றான். மலர்க்கொடி டப்பாவில் கைவிட்டு வழக்கம்போல ஒரு சிட்டிகை எடுத்தாள்.

"அது பத்தாதும்மா," என்றான். "நெறைய எடு."